மென்பொருளும் அதன் மாற்ற வரலாறும்

மென்பொருள் ஒருமுறை எழுதி முடிக்கப்படுவதன்று. பலர் கைபட்டுப் பல்லாண்டுகள் திருத்தப்படுவது. ஆகவே எத்திருத்தம் எப்பொழுது, யாரால், ஏன் செய்யப்பட்டது என்பதைப் பேணும் தேவை எழுந்தது. இத்தேவைக்குக் காணப்பட்ட விடைகளின் வரலாறு, 'பதிப்பு என்பது யாது?' என்ற வினாவின் வரலாறாகவும் அமைகின்றது.

1972ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் மார்க் ரொச்கைண்ட் என்பார் உருவாக்கிய எஸ்.சி.சி.எஸ். இத்துறையின் முன்னோடியாகும். ஒவ்வொரு வரியும் எத்திருத்தத்தாற் புகுத்தப்பட்டது, எதனால் நீக்கப்பட்டது என்னும் குறிப்புடன் எல்லா வரிகளும் அதில் ஒரே கோப்பில் வைக்கப்பட்டன. எனவே எப்பதிப்பைப் பெறுவதற்கும் கோப்பு முழுவதையும் வாசிக்க வேண்டியிருந்தது. 1980களின் தொடக்கத்தில், பேர்டியூ பல்கலைக்கழகத்து வோல்டர் டிக்கி தமது ஆர்.சி.எஸ். முறையில் இக்குறையைக் களைந்தார். பிரதான கிளையின் அண்மைப் பதிப்பு முழுமையாக வைக்கப்பட, பழையவை பின்னோக்கிய வேறுபாடுகளாகப் பேணப்பட்டன. பயன்படுத்துவோர் பெரிதும் நாடுவது அண்மைப் பதிப்பையே என்ற அனுபவம் இதற்கு அடிப்படையாயிற்று.

இவ்விரு முறைகளிலும் ஒருவர் திருத்தும் கோப்புப் பொதுவாகப் பிறருக்குப் பூட்டப்பட்டிருந்தது. நெதர்லாந்தின் அம்ஸ்டர்டாம் நகரில் டிக் குரூன் என்னும் ஆசிரியர் தம் மாணவர் இருவருடன் தொகுப்பி ஒன்றை உருவாக்கினார். மூவரின் வேலைநேரங்களும் பொருந்தாமையால் பூட்டு இடையூறாயிற்று. இதன் விளைவாக 1986இல் சி.வி.எஸ். வெளிவந்தது. பூட்டுதல் அகன்று, தனித்தனியே செய்த திருத்தங்களைப் பின்னர் இணைத்தல் வழக்காயிற்று.

இணைத்தல் பரவவே, அதற்கோர் உறுதியான கோட்பாடு வேண்டப்பட்டது. இவ்விடத்து இரு நோக்குகள் பிரிகின்றன. 2005இல் லினஸ் டோர்வால்ட்ஸ் ஆக்கிய கிட், பதிப்பை ஒரு முழுநிலையாகக் கொள்கின்றது. ஒவ்வொரு பதிவும் தன் முன்னோரைச் சுட்டுவதால், வரலாறு வட்டமற்ற திசைகொள் வரைபாகின்றது. பௌதிகவியலாளரான டேவிட் ரவுண்டி ஆக்கிய டார்க்ஸோ மாற்றங்களையே முதன்மைப்படுத்துகின்றது. ஒன்றையொன்று சாராத இரு மாற்றங்கள் எவ்வொழுங்கில் நிகழினும் விளைவு ஒன்றே என்பது அதன் அடிப்படை. 2013இல் மிம்ராம், டி ஜஸ்டோ ஆகியோர் இத்தகைய மாற்றங்களைக் கணிதத்தின் வகையக் கோட்பாட்டினால் விளக்க முற்பட்டனர்.

எனினும் இம்மாதிரிகள் யாவற்றுக்கும் பொதுவானதோர் எல்லை உண்டு. ஒருவர் ஒரு செயற்கூற்றின் பெயரை மாற்ற, மற்றொருவர் வேறொரு கோப்பில் பழைய பெயரால் அதனை அழைப்பாராயின், வரிகள் முரணின்றி இணையும், மென்பொருளோ பிழைபடும். எழுத்தின் முரணைப் பொறி காணும். பொருளின் முரணைக் காண அது மட்டும் போதாது. பதிவேடு எத்துணைச் செம்மையுறினும், மாற்றங்களின் பொருத்தத்தை ஆராயும் பொறுப்பு, அவற்றைச் செய்வோரிடமே எஞ்சி நிற்கின்றது எனலாம்.