வெற்றிடம் கற்ற பீங்கான்

பிரெஞ்சுப் பீங்கானின் தொடக்க வரலாறு, இல்லாத மண்ணைத் தேடிய வரலாறு. சீனப் பீங்கானின் உயிர் கயோலின் என்னும் வெண்களிமண்ணில் இருக்கிறது. ஜிங்டெஜென் சூளைகளைக் கண்ட பிரெஞ்சுப் பாதிரியார் தாந்த்ரகோல் 1712லும் 1722லும் எழுதிய மடல்கள் அதை விரிவாகவே உரைத்தன. ஆயினும் லிமோஷ் நகரை அடுத்து அம்மண் கிடைப்பது தெரியவந்தது 1768இல்தான். (பீங்கான் என்னும் சொல்லும் பாரசீகம் வழியே நம்மிடம் வந்ததன்றோ!)

அதுவரை, உருக்கி அரைத்த கண்ணாடிக் கலவையைக் களிமண்ணோடு பிசைந்து சுட்டனர். இது மென்பீங்கான், சூளையில் எளிதில் வளைந்துவிடும். 1673இல் ருவான் நகரத்து லூயி பொத்தேரா இதற்கு அரச உரிமை பெற்றார். பின்னர் பாரிஸை அடுத்த சேன்க்ளூவில் ஷிக்கனோ குடும்பத்தார் தொழிலை வளர்த்தனர். அவர்களது நீலம் சீனத்தினுடையது. விளிம்புக் கோலமோ பிரெஞ்சு அலங்காரம். தெஹுவாவின் வெள்ளைக் கலங்களைப் பார்த்து, வண்ணமே தீட்டாமல் ப்ளம் மலர்க்கொத்துகளை ஒட்டியும் வைத்தனர்.

ஷாந்தியியின் கதை இன்னும் சுவையானது. ஜப்பானியக் கலங்களைச் சேர்ப்பதில் பெருவேட்கை கொண்டிருந்த கோந்தே இளவரசர் லூயி ஆன்றி, 1730 வாக்கில் அங்கே பட்டறை அமைத்தார். நடத்தியவர் சிக்கேர் சிரு. ஆரித்தாவில் பிறந்து டச்சுக் கம்பெனிக் கப்பல்களில் வந்த காக்கியெமோன் பாணியே அவர்களுக்கு ஆசான். ஒரு மூலையில் விறகுவேலி, இரண்டு காடைகள், வளைந்த ஒரு கிளை; மற்றதெல்லாம் பால்வெண்மை. தம் மண்ணின் மஞ்சள் சாயல் அவ்வெண்மைக்கு இடராக நிற்கவே, வெள்ளீயம் கலந்த ஒளிபுகா மெருகைப் பூசி மறைத்தனர். வறுமையை மூட வந்த அப்பூச்சே ஓவியத்துக்கு உற்ற தளமாயிற்று.

அந்தக் காடைக்கும் வேலிக்கும் கீழைநாட்டில் உள்ள பொருளை ஷாந்தியி ஓவியர் அறிந்திருப்பார்களா என்பது ஐயமே. எனினும், எங்கே தூரிகையை நிறுத்துவது என்பதை அறிந்திருந்தனர். இடமெல்லாம் நிரப்பியே பழகிய ஐரோப்பியக் கைக்கு இது அரிய பாடம். உருவை மட்டும் எடுத்தவர் பலர். வெற்றிடத்தையும் எடுத்தவர் இவர்கள். 1740இல் இளவரசர் மறைந்தபின், ஜெர்மானிய மைசனின் மலரோவியம் மெல்ல அவ்விடத்தைப் பிடித்தது.

ஷாந்தியியில் பணிசெய்த துபுவா சகோதரர்கள் அவ்வாண்டளவில் தொழில் நுணுக்கத்தை வின்சேனுக்குக் கொண்டுசென்றனர். அப்பட்டறை 1756இல் செவ்ருக்குப் பெயர்ந்து, 1759இல் மன்னருடைமையாயிற்று. கயோலின் கிடைத்தபின் அங்கே வன்பீங்கான் உருவாயிற்று. ஆயினும் மென்பீங்கானை அவர்கள் 1804 வரை கைவிடவில்லை.