ஸ்கூபா முக்குளிப்பில் ஸ்நார்கலின் இடம்

ஸ்கூபா தொடக்கப் பயிற்சியில் ஸ்நார்கல் என்னும் மூச்சுக்குழாய் இன்றும் பாடத்தின் பகுதி. நீர்ப்பரப்பில் மிதந்தபடி, சிலிண்டர் காற்றைத் தரும் ரெகுலேட்டரிலிருந்து ஸ்நார்கலுக்கு மாறவும் திரும்பவும் முக்குளிப்புப் பயிற்சி அமைப்பான பி.ஏ.டி.ஐ. கற்பிக்கிறது. சான்றிதழ் கிடைத்ததும் அதைக் கழற்றி வைத்துவிடுவோர் பலர். இது அசட்டை என்பது பயிற்றுநர் சிலரின் கருத்து. படகிலிருந்து இறங்குவோரைப் பொறுத்தவரை இது சரியான கணிப்பு என்பதே என் வாதம்.

1943இல் பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி கூஸ்தோவும் பொறியாளர் கான்யானும் அக்வா-லங் என்னும் ஸ்கூபா சுவாசக் கருவியை உருவாக்கினர். அதையடுத்த ஆண்டுகளில் மிச்சக் காற்றைக் காட்டும் அழுத்தமானியோ, உடலை மிதக்கவைக்கும் காற்றுச் சட்டையோ பரவலாக இல்லை. மூச்சிழுப்பது கடினமானதும் சேமக் காற்றைத் திறந்துகொண்டு மேலேறுவார்கள். பிறகு காலிச் சிலிண்டரைச் சுமந்து முகங்குப்புற நீந்திக் கரைசேர வேண்டும். ஸ்நார்கல் அன்று உயிர்காக்கும் கருவி.

இன்றைய நிலைமையைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். 12 லிட்டர் சிலிண்டரில் 50 பார் மீதியோடு மேலே வருபவரிடம் ஏறத்தாழ 600 லிட்டர் காற்று இருக்கும். நிமிடத்துக்கு 20 லிட்டர் செலவானால் அரைமணி நேரம் தாங்கும். அலையோடு மல்லுக்கட்டி இருமடங்கு மூச்சு வாங்கினாலும் கால்மணி நேரம். சேமிப்பைக் கீழேயே தீர்த்துவிட்டவர் என்ன செய்வார் என்பது நியாயமான மறுப்பு. பாதுகாப்பு விதிகள் எழுதப்படுவதே அவருக்காகத்தானே. ஆனால் அவருக்கும் முதல் தேவை மிதப்பு. சட்டையை வாயால் ஊதியே நிரப்பலாம், எடைகளை உதறலாம்.

ஸ்நார்கலுக்கும் ஒரு விலை உண்டு. 38 செ.மீ. நீளமும் 2 செ.மீ. உள்விட்டமும் உள்ள குழாயின் கொள்ளளவு சுமார் 120 மி.லி. சாதாரண மூச்சு 500 மி.லி. என்றால், அதில் 150 மி.லி. எப்படியும் மூச்சுப்பாதையிலேயே நின்றுவிடும். குழாயும் சேர்ந்தால் நுரையீரலின் காற்றறைகளை எட்டும் புதுக்காற்று 350இலிருந்து 230 மி.லி.யாகக் குறைகிறது. நிதானமானவர் ஆழ்ந்து இழுத்து ஈடுகட்டுவார். பதற்றத்தில் மேலோட்டமாக இழுப்பவரால் முடியாது. அவருக்காகத்தான் ஸ்நார்கல் என்று வாதிடுவோர் இதைப் பேசுவதில்லை. தவிர, நீரோட்டம் குழாயை இழுத்து முகமூடியை அசைக்கும்; அறுந்த வலையிலும் அது மாட்டக்கூடும். குகை முக்குளிப்பில் அதற்கு வேலையே இல்லை.

படகிலிருந்து இறங்குவோருக்கு ஓர் எடுத்துக்காட்டு: மட்டக்களப்புக்கு அப்பால் 1942 ஏப்ரல் 9இல் மூழ்கடிக்கப்பட்ட பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பல் ஹெர்மிஸ் 50 மீட்டருக்கும் கீழே கிடக்கிறது. அங்கிருந்து மேலேறும்போது நீரோட்டம் தள்ளிக்கொண்டு போனால், படகோட்டியின் கண்ணில் படுவதே பிழைக்கும் வழி. அதற்கு மிதவைக் குறியும் விசிலும் வேண்டும். கரையிலிருந்து இறங்குபவரின் நிலை வேறு. படகு வராது, சிற்றலைகள் முகத்தில் அடிக்க நெடுந்தூரம் நீந்த நேரலாம். மல்லாந்து நீந்தினால் திசையும் தெரியாது, அடியில் உள்ள பாறையும் தெரியாது. இங்கே ஸ்நார்கல் வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை, முகமூடியில் தொங்கவிடாமல் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளும் வகையாக இருந்தால். பயிற்சியிலிருந்தும் அதை நீக்கவேண்டியதில்லை: மாணவர் நாளை எந்தக் கரையில் இறங்குவார் என்பது பயிற்றுநருக்குத் தெரியாது.