கிளர்ச்சியாளரும் வேற்றாரும்: ரெபெல்ஸ்டார் விளையாட்டுத் தொடர் குறித்து ஊவாவிலிருந்து ஒரு நோக்கு

கூத்தும் நாட்டார் பாடலும் நாவலும் ஆய்வுக்குரியன என்பதை நிலைநாட்டவே நமது விமரிசன மரபு ஒரு தலைமுறைக் காலம் வாதிட வேண்டியிருந்தது. அவ்வாறிருக்க, கணினித் திரையில் ஆடப்படும் விண்வெளிப் படையாட்டமொன்றை ஆய்வுப் பொருளாக்குவது சிலருக்கு முகச்சுளிப்பைத் தரக்கூடும். ஆயினும் பதுளை நகரிலும் சுற்றுவட்டத் தோட்டங்களின் லயங்களிலும் இளைஞர் தம் கைத்தொலைபேசிகளில் இன்று ஆடும் ஆட்டங்கள் வானத்திலிருந்து விழுந்தவையல்ல. யார் செயற்படுவோர், யார் பகைவர், எது வெற்றி என்பவற்றைக் கதையைப் போலவே விளையாட்டும் முன்கூட்டியே வரையறுத்து விடுகின்றது. அவ்வரையறைகள் எவ்வாறு மாறின என்பதை ஒரு தொடரைக் கொண்டு நோக்குவோம்.

பிரித்தானிய இளைஞரான ஜூலியன் கோலொப், இருபது வயது நிரம்புமுன் ஆக்கிய ‘ரெபெல்ஸ்டார் ரெய்டர்ஸ்’ 1984 இல் வெளிவந்தது. நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரின் பெரும் வேலைநிறுத்தம் நடந்துகொண்டிருந்த ஆண்டு அது. இருவர் எதிரெதிரே அமர்ந்து முறைவைத்து ஆடும் ஆட்டமாக அது அமைந்தது. 1986 இல் வந்த ‘ரெபெல்ஸ்டார்’ ஆட்டத்தில் கணினியே எதிராளியாகவும் இருக்கலாயிற்று. கிளர்ச்சிக் குழுவொன்று நிலவுத்தளத்தினுள் புகுந்து, அதன் மையக் கணினியான ஐசாக்கை அழிக்க வேண்டும். அதனை வெளியிட்ட ஃபயர்பேர்ட், 1984 இல் தனியார்மயமாக்கப்பட்ட பிரிட்டிஷ் டெலிகொம் நிறுவனத்தின் வெளியீட்டுப் பிரிவொன்றின் பெயர். கிளர்ச்சியின் கற்பனையும் விற்பனைச் சரக்காகலாம் என்பது முதலாளித்துவம் நெடுங்காலம் அறிந்த பாடமே.

இவ்வாட்டங்கள் ஓடிய ஸ்பெக்ட்ரம் கணினி எங்கு செய்யப்பட்டது என்பது நமக்கு இன்னும் முக்கியமானது. ஸ்கொட்லாந்தின் டண்டி நகரில், டைமெக்ஸ் கடிகாரத் தொழிற்சாலையில், பெரும்பாலும் பெண்களின் கைகளாலேயே அது பொருத்தப்பட்டது. வங்காளத்துச் சணலை நெய்து வளர்ந்த நகரம் டண்டி. அதே ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோவிலிருந்து வந்த தோமஸ் லிப்டன் 1890 இல் அப்புத்தளைப் பகுதியில் தம்பத்தன்னை முதலிய தோட்டங்களை வாங்கினார். சணலுக்கும் தேயிலைக்கும் கணினிக்கும் ஒரு பொதுமை உண்டு: நுண்ணிய, சலிப்பூட்டும் கைவேலை பெண்களுக்கெனவே ஒதுக்கப்பட்டமை. 1986 இல் ஸ்பெக்ட்ரம் ஆம்ஸ்ட்ராட் நிறுவனத்துக்குக் கைமாறிற்று. 1993 இல் டைமெக்ஸ் தொழிலாளர் ஆட்குறைப்பை எதிர்த்துப் போராடியபோது கதவடைக்கப்பட்டு, அவ்வாண்டே தொழிற்சாலையும் மூடப்பட்டது.

ஆட்டத்தின் உள்ளமைப்புக்கு வருவோம். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு பெயர். ஒவ்வொரு முறைக்கும் இத்தனை ‘செயற்புள்ளிகள்’. ஓரடி வைத்தாலும் ஆயுதத்தை எடுத்தாலும் சுட்டாலும் புள்ளி குறையும். மனிதச் செயலை எண்ணாக்கி, அவ்வெண்ணை மேலிருந்து ஒருவர் செலவிடும் இம்முறையை, 19 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரஷ்ய அதிகாரிகளுக்கென உருவான போர்ப் பயிற்சி ஆட்டத்தின் வழித்தோன்றலாகக் கொள்ளலாம்.

தோட்டத்துக்கு இம்முறை புதிதன்று. அதிகாலையில் தப்பொலி எழுப்ப, தொழிலாளர் கூடும் இடம் ‘பெரட்டுக்களம்’. பெரட்டு என்பது ‘பரேட்’ என்னும் படைச்சொல்லின் திரிபெனக் கொள்ளப்படும். அங்குதான் எவர் எந்த மலைக்கு என்பது பிரித்தொதுக்கப்படும். நாட்கூலியின் அலகுக்கே ‘பேர்’ என்பது வழக்கு. குறித்த எடைக்குக் கொழுந்து குறைந்தால் அன்றைக்கு ‘அரைப்பேர்’. ஆளின் பெயரே கூலியின் அளவையாகி, அதுவும் பாதியாக வெட்டப்படக்கூடியதென்ற இவ்வழக்கைவிடக் கூர்மையாக அந்நியமாதலை உரைக்கும் சொல்லை எந்தக் கோட்பாட்டு நூலிலும் நாம் கண்டதில்லை. திரையிற் குறையும் புள்ளி அடுத்த முறையில் நிரம்பிவிடும், அரைப்பேர் நிரம்புவதில்லை.

1988 இல் வந்த ‘ரெபெல்ஸ்டார் II’ ஆட்டத்தில் ஒரு முக்கிய மாற்றம் நிகழ்ந்தது. அதே கிளர்ச்சியாளர் இப்பொழுது வேறொரு கிரகத்தில் இறங்கி அங்குள்ள உயிர்களை வேட்டையாடுகின்றனர். பகை, அதிகார மையத்திலிருந்து ‘ஏலியன்’ மீது பெயர்ந்துவிட்டது. 1994 இல் கோலொப் வடிவமைத்த ‘யு.எஃப்.ஓ.’ இன்னும் ஒருபடி சென்றது. ஆடுபவர் இப்பொழுது கிளர்ச்சியாளரல்லர்; அரசுகளின் மாத நிதியில் இயங்கும் படையமைப்பின் தளபதி. படையினர் சம்பளத்துக்கு அமர்த்தப்படுகின்றனர். வேற்றாரின் பிணங்களையும் பொருள்களையும் விற்றுப் பணமாக்கவும் இடமுண்டு. 1984 இலிருந்து 1994 வரையான பயணத்தை, தாட்சர் கால பிரித்தானியாவின் கருத்துநிலைப் பயணத்திலிருந்து பிரித்து நோக்குதல் கடினம். தனியொருவரின் உள்நோக்கமென்று இதனைக் குறுக்குவது எமது கருத்தன்று. சந்தை எதனை எளிதில் ஏற்றதோ அதுவே நிலைபெற்றது.

ஏலியன் என்ற ஆங்கிலச் சொல் விண்வெளி உயிரையும் குடியுரிமையற்ற அந்நியரையும் ஒருங்கே சுட்டும். 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் ஏறத்தாழ ஏழு இலட்சம் பேரை நாடற்றவராக்கிற்று. அடுத்த ஆண்டு அவர்களின் வாக்குரிமையும் பறிபோயிற்று. எஞ்சியிருந்த நாடற்றோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003 இல்தான் நிறைவேறியது. அத்தகையோரின் பேரப்பிள்ளைகள் இன்று ‘ஏலியன்’ எனக் கண்டதும் சுடுமாறு பயிற்றப்படும் திரையின் முன் அமரும்போது, அவர்கள் யாருடைய கண்ணால் பார்க்கின்றனர் என்ற வினா எழாதிருக்க முடியாது. 2005 இல் வந்த ‘ரெபெல்ஸ்டார்: டக்டிகல் கொமாண்ட்’ மீண்டும் கிளர்ச்சிக்குத் திரும்பிற்று. ஆயினும் அங்கே பூமியை ஆள்வோரும் வேற்றாரே; ஒடுக்குமுறை எப்பொழுதும் வெளியிலிருந்து வருவதாகவே காட்டப்படுகிறது.

ஊவாவில் கிளர்ச்சி என்பது வெறுஞ் சொல்லன்று. 1818 இன் ஊவா-வெல்லச எழுச்சி நசுக்கப்பட்ட மண்ணிலேயே பின்னர் கோப்பியும் தேயிலையும் வேரூன்றின. 1940 மே மாதம் லங்கா சமசமாஜக் கட்சியின் செல்வாக்கிலிருந்த தொழிற்சங்கம் ஊவாத் தோட்டங்களில் வேலைநிறுத்தங்களை நடத்திற்று. பதுளையை அடுத்த வெவெஸ்ஸ தோட்டத்தில் தொழிலாளர் தாமே தெரிந்தெடுத்த சபையொன்றை அமைத்தனர் என்றும், அச்சபையைக் கலந்தே செயற்படத் துரை இணங்கினார் என்றும், ‘ஒழுங்கை நிலைநாட்ட’ வந்த பொலிசாரின் ஆயுதங்களைத் தொழிலாளர் களைந்தனர் என்றும் அக்கட்சியின் வரலாற்றாசிரியர் பதிந்துள்ளனர். யூன் மாதம் என். எம். பெரேரா, பிலிப் குணவர்த்தன முதலிய தலைவர்கள் சிறையிடப்பட்டனர், அலையும் அடக்கப்பட்டது.

ரெபெல்ஸ்டாரில் வெற்றி என்பது ஐசாக்கைத் தகர்ப்பது. வெவெஸ்ஸயில் எவரும் தோட்டக் காரியாலயத்தைத் தகர்க்கவில்லை. அதன் அதிகாரத்தைச் சபைக்குப் பதில் சொல்ல வைத்தனர். அந்த நகர்வுக்கு இத்தொடரின் எந்த ஆட்டத்திலும் புள்ளி ஒதுக்கப்படவில்லை. ஆனால் தரையிற் கரிக்கட்டியால் கோடிழுத்து ஆடும் ஆடுபுலி ஆட்டத்தில் அதற்கு இடமுண்டு. மூன்று புலிகளும் பதினைந்து ஆடுகளும் கொண்ட அவ்வாட்டத்தில் ஆடுகளுக்குள் தளபதி இல்லை, படிநிலை இல்லை. எந்த ஆடும் புலியை வெட்ட முடியாது. அவை அடுத்தடுத்து நின்று, புலி நகர முடியாதவாறு வழியடைத்தே வெல்லும்.