ஏபிஎல் தடுப்பு மருந்துகள்: ரத்தப் புற்றிலிருந்து நடுக்குவாதம் வரை

செல்லுக்குள் இருக்கும் ஏபிஎல் என்ற நொதியை முடக்கிப்போடும் மாத்திரைகளே ஏபிஎல் தடுப்பு மருந்துகள். இமாட்டினிப், டசாட்டினிப், நிலோட்டினிப், போனாட்டினிப் ஆகியவை இந்த வகையில் அடங்கும். நாட்பட்ட மைலாய்டு ரத்தப் புற்று (சுருக்கமாக சிஎம்எல்) வந்தால் சில ஆண்டுகளே ஆயுள் என்ற நிலையை மாற்றி, மாத்திரை போட்டுக்கொண்டு பல்லாண்டு வாழலாம் என்றாக்கியவை இவைதான். நடுக்குவாதம் எனப்படும் பார்கின்சன் நோயிலும் இதே நொதி வரம்பு மீறுகிறது என்று 2010-இல் தெரியவந்தது. அதன்பின் புற்றுநோய் மாத்திரையை நரம்பியல் மருத்துவர்களும் கையில் எடுத்தார்கள். ரத்தத்தில் கிடைத்த வெற்றி மூளையில் இன்னும் கிட்டவில்லை.

குட்டைக் குரோமோசோம்

1950-களின் இறுதியில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் பீட்டர் நோவெல் ரத்தப் புற்று செல்களை வளர்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடித் தகட்டில் இருந்த செல்களை அவர் குழாய்த் தண்ணீரில் அலசியபோது, அவை தண்ணீரை உறிஞ்சிப் பருத்தன. ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடந்த குரோமோசோம்கள் விலகி, தனித்தனியாகத் தெரிந்தன. ஆனால் குரோமோசோம் ஆய்வு நோவெலின் துறை அன்று. அதில் தேர்ந்தவரைத் தேடியபோது, அதே ஊரின் புற்றுநோய் ஆய்வு நிறுவனத்தில் முனைவர் பட்டத்துக்குப் படித்துவந்த டேவிட் ஹங்கர்போர்டு கிடைத்தார். சிஎம்எல் நோயாளிகளின் செல்களில் ஒரு குரோமோசோம் மட்டும் வழக்கத்துக்கு மாறாகக் குட்டையாக இருப்பதை ஹங்கர்போர்டு கவனித்தார். 1960-இல் இருவரும் அதை வெளியிட்டார்கள். ஊரின் பெயரால் அது பிலடெல்பியா குரோமோசோம் ஆயிற்று.

குறைந்த துண்டு எங்கே போனது என்ற கேள்விக்கு விடை வர 13 ஆண்டுகள் பிடித்தன. சிகாகோவைச் சேர்ந்த ஜேனட் ரவுலி, சாயமேற்றிய குரோமோசோம்களின் படங்களை வெட்டியெடுத்து, வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பரப்பி வைத்து ஒப்பிட்டவர். 22-ஆம் குரோமோசோமில் இழந்த துண்டு 9-ஆவதில் ஒட்டிக்கொண்டிருப்பதை 1973-இல் அவர் கண்டறிந்தார். பின்னர் இது இரண்டும் துண்டுகளைக் கைமாற்றிக்கொள்ளும் இடமாற்றம் என்பது உறுதியானது.

இன்னொரு துப்பு எலிகளிடமிருந்து வந்தது. ஹெர்பர்ட் ஏபெல்சன் 1970-இல் விவரித்த எலி ரத்தப் புற்று வைரஸ் ஒன்றில் இருந்த மரபணுவுக்கு அவர் பெயரைச் சுருக்கி ஏபிஎல் என்று வைத்தார்கள். அது உண்டாக்கும் புரதம், மற்றப் புரதங்களின் டைரோசின் பகுதியில் பாஸ்பேட்டைப் பொருத்தும் கைனேஸ் நொதி என்று 1980-இல் ஓவன் விட்டே, டேவிட் பால்டிமோர் குழு காட்டியது. மனிதரின் ஏபிஎல் மரபணு 9-ஆம் குரோமோசோமில் இருப்பதும், சிஎம்எல் நோயில் அது 22-ஆவதுக்குப் பெயர்ந்து பிசிஆர் என்ற மரபணுவோடு ஒட்டிக்கொள்வதும் அடுத்த சில ஆண்டுகளில் தெளிவாயின. இயல்பான ஏபிஎல் தேவையில்லாதபோது தன்னைத்தானே அடக்கிக்கொள்ளும். பிசிஆரோடு ஒட்டிய ஏபிஎல்லுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. எந்நேரமும் அது பாஸ்பேட்டைப் பொருத்திக்கொண்டே இருக்க, எலும்பு மஜ்ஜையில் வெள்ளணுக்கள் கணக்கில்லாமல் பெருகும். இந்த ஒற்றை ஒட்டு மரபணுவைச் செலுத்தினாலே எலிகளுக்கு அதே நோய் வருகிறது என்று 1990-இல் நிரூபணமானது.

பாசலில் செய்த மருந்து, போர்ட்லண்டில் நடந்த சோதனை

சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் சிபா-கெய்கி நிறுவனத்தின் அலெக்ஸ் மேட்டர், நிக்கலஸ் லிடன், வேதியியலாளர் யூர்க் சிம்மர்மன், எலிசபெத் புக்டுங்கர் ஆகியோர் கைனேஸ்களை அடைக்கும் மூலக்கூறுகளைத் தேடினார்கள். தொடக்கத்தில் அவர்கள் குறிவைத்தது புரதக் கைனேஸ்-சி என்ற வேறொரு நொதியை. கிடைத்த மூலக்கூறில் சிம்மர்மன் ஒரு மீத்தைல் தொகுதியைச் சேர்த்ததும், அந்த நொதியின் மீதான பிடி விட்டுப்போனது. ஏபிஎல் மீதான பிடி நிலைத்தது. தண்ணீரில் கரைவதற்காக இன்னொரு பகுதியையும் இணைத்தார்கள்.

பாஸ்டனில் இருந்த புற்றுநோய் மருத்துவர் பிரையன் ட்ரூக்கர், டைரோசினில் பாஸ்பேட் ஏறியிருக்கிறதா என்று காட்டிக்கொடுக்கும் எதிர்ப்பொருள் ஒன்றை உருவாக்கியிருந்தார். லிடனோடு அவருக்கு அப்போதே பழக்கம். 1993-இல் ஆரெகன் மாநிலத்தின் போர்ட்லண்டுக்கு இடம்பெயர்ந்ததும், பாசலில் உருவாகியிருந்த மூலக்கூறுகளை வரவழைத்துச் சோதித்தார். அவற்றில் ஒன்று சிஎம்எல் செல்களை அழித்து, இயல்பான செல்களைப் பெரிதும் விட்டுவைத்தது. 1996-இல் வெளியான அந்த ஆய்வில், நோயாளிகளின் மாதிரியிலிருந்து வளர்ந்த புற்று செல் கூட்டங்கள் 92 முதல் 98 விழுக்காடு வரை குறைந்திருந்தன. பின்னாளில் இமாட்டினிப் என்று பெயர் பெற்றது இதுதான்.

நிறுவனம் உடனே துள்ளிக் குதித்துவிடவில்லை. இந்த நோய் உள்ளவர்கள் குறைவு, விற்பனைக்கு இடமிராது என்ற கணக்கு ஒரு பக்கம். அதிக அளவு கொடுத்த நாய்களுக்குக் கல்லீரல் பாதிக்கப்பட்டது மறு பக்கம். ட்ரூக்கரின் விடாப்பிடியால் 1998 ஜூனில் மனிதர்களிடம் சோதனை தொடங்கியது. அவரோடு லாஸ் ஏஞ்சலஸின் சார்லஸ் சாயர்ஸ், ஹூஸ்டனின் மோஷே டல்பாஸ் ஆகியோரும் சேர்ந்தனர். நாளொன்றுக்கு 300 மி.கி. அல்லது அதற்கு மேல் எடுத்துக்கொண்ட 54 பேரில் 53 பேரின் ரத்த எண்ணிக்கை இயல்புக்குத் திரும்பியது. சேதி நோயாளிகளிடையே பரவியது. உற்பத்தியைப் பெருக்கச் சொல்லி ஆயிரக்கணக்கானோர் கையெழுத்திட்ட மனு நிறுவனத்தின் தலைமைக்குப் போனது. 2001 மே 10 அன்று அமெரிக்க அரசின் ஒப்புதல் கிடைத்தது.

1,106 பேர் பங்கேற்ற பன்னாட்டுச் சோதனையில், இமாட்டினிப்போடு சிகிச்சையைத் தொடங்கியவர்களில் பத்தாண்டு கழித்தும் உயிரோடு இருந்தவர்கள் 83.3 விழுக்காடு. சிலருக்கு மருந்து வேலை செய்யாமல் போனதன் காரணத்தைச் சாயர்ஸ் குழு கண்டுபிடித்தது: மருந்து பற்றும் இடத்திலேயே ஏபிஎல் உருமாறிவிடுகிறது. மருந்து அந்த நொதியில் எப்படிப் பொருந்துகிறது என்பதை முப்பரிமாணத்தில் காட்டியது ஜான் குரியனின் குழு. இந்த இரு அறிவையும் துணைக்கொண்டு அடுத்த தலைமுறை வந்தது. டசாட்டினிப் 2006-இலும் நிலோட்டினிப் 2007-இலும் ஒப்புதல் பெற்றன.

சென்னை வழக்கு

இமாட்டினிப்பின் ஒரு படிக வடிவத்துக்கு இந்தியக் காப்புரிமை கேட்டு, சிபா-கெய்கி வேறொரு நிறுவனத்தோடு இணைந்து உருவான நோவார்ட்டிஸ் 1998-இல் சென்னை அலுவலகத்தில் விண்ணப்பித்தது. 2006 ஜனவரியில் அங்கே அது நிராகரிக்கப்பட்டது. தெரிந்த பொருளின் புதிய வடிவம் கூடுதல் பயன் தராவிட்டால் காப்புரிமை இல்லை என்கிற 3(டி) பிரிவே செல்லாது என்று நிறுவனம் தொடுத்த வழக்கை 2007-இல் சென்னை உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றமும் காப்புரிமையை மறுத்தது. மருந்தைப் பொறுத்தவரை பயன் என்றால் நோயைத் தீர்க்கும் பயன்தான் என்று அது விளக்கியது. மாதம் சுமார் 1,20,000 ரூபாய்க்கு விற்ற மருந்தை இந்திய நிறுவனங்கள் பத்தாயிரத்துக்கும் குறைவாகக் கொடுத்துவந்தன. தீர்ப்பால் அது தொடர்ந்தது.

மூளையில் அதே நொதி

1998-இல், போர்ட்லண்டில் முதல் நோயாளிகள் மாத்திரை விழுங்கிய அதே ஆண்டில், ஜப்பானிய ஆய்வாளர்கள் இளம் வயதிலேயே நடுக்குவாதம் வரும் குடும்பங்களில் பழுதான ஒரு மரபணுவைக் கண்டறிந்தார்கள். அதற்குப் பார்கின் என்று பெயர். நரம்பணுவில் கெட்டுப்போன புரதங்களை அடையாளமிட்டு அகற்ற அனுப்புவது பார்கின் புரதத்தின் வேலைகளுள் ஒன்று.

மரபணு பழுதாகாதவர்களுக்கும் நடுக்குவாதம் வருவது ஏன்? அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஹான் சியோக் கோ, வலினா டாசன், டெட் டாசன் ஆகியோரின் குழு 2010-இல் ஒரு விடை தந்தது. நரம்பணு நெருக்கடிக்கு உள்ளாகும்போது ஏபிஎல் விழித்துக்கொண்டு, பார்கினின் 143-ஆவது இடத்து டைரோசினில் பாஸ்பேட்டைப் பொருத்துகிறது. உடனே பார்கின் செயலிழக்கிறது. நோயால் இறந்தவர்களின் மூளையிலும் அதன் தடயம் இருந்தது. மூளையில் ஏபிஎல் நீக்கப்பட்ட எலிகளில் பார்கின் தப்பித்தது. நடுக்குவாத மூளையில் திரளும் ஆல்பா-சினுக்ளின் புரதத்திலும் ஏபிஎல் கைவைக்கிறது என்று பின்வந்த ஆய்வுகள் சொல்லின.

வாஷிங்டனின் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தில் சார்பெல் மௌசாவின் குழு, நிலோட்டினிப் எலிகளின் மூளையில் அந்தப் புரதத்தைக் குறைப்பதாக 2013-இல் எழுதியது. அடுத்து 12 நோயாளிகளுக்கு 24 வாரம் கொடுத்துப் பார்த்தார்கள். புற்றுநோய்க்கு நாளொன்றுக்கு 600 முதல் 800 மி.கி. கொடுக்கப்படும் மருந்து இங்கே 150 அல்லது 300 மி.கி.தான். 2015-இல் சிகாகோ மாநாட்டில் சொல்லப்பட்ட முடிவுகள் பத்திரிகைகளில் பெரிதாக அடிபட்டன. ஆனால் ஒப்பிடப் போலி மாத்திரைக் குழு இல்லை. மருந்தோ இதயத் துடிப்பைக் குலைக்கக்கூடும் என்ற கடும் எச்சரிக்கையோடு விற்பது.

சந்தேகத்தைத் தீர்க்க மைக்கேல் ஜே. பாக்ஸ் அறக்கட்டளை முதலான அமைப்புகளின் ஆதரவில் நிலோ-பிடி சோதனை நடந்தது. டான்யா சிமுனி தலைமையில் அமெரிக்காவின் 25 மையங்களில் 76 பேர் பங்கேற்றார்கள். அவர்களுடைய ரத்தத்திலும் மூளைத் தண்டுவட நீரிலும் மருந்தின் அளவைப் பார்த்தார்கள். ரத்தத்தில் இருந்ததில் 0.2 முதல் 0.3 விழுக்காடு மட்டுமே தண்டுவட நீரை எட்டியிருந்தது. நடுக்குவாதத்தில் குறைந்துபோகும் மூளை வேதிப்பொருளான டோபமினின் அளவுகளில் மாற்றமில்லை, உடல் அசைவில் பலனுக்கான அறிகுறியும் இல்லை. ஜார்ஜ்டவுனின் 75 பேர் கொண்ட சோதனையோ, டோபமின் சார்ந்த குறிகளில் மாற்றம் கண்டதாகச் சொன்னது. 2020 வாக்கில் இரு முடிவுகளும் ஒரே மருத்துவ இதழில் அடுத்தடுத்து வெளிவந்தன. நிலோட்டினிப்பை மேலே கொண்டுபோக வேண்டாம் என்று நிலோ-பிடி குழு முடிவு செய்தது.

இன்றைய நிலை

மருந்து மூளைக்குள் நுழையாததுதான் தோல்விக்குக் காரணம் என்றால், நுழையக்கூடிய மருந்து பலித்திருக்க வேண்டும். மும்பையின் ஸ்பார்க் நிறுவனம் சிஎம்எல் நோய்க்கு உருவாக்கிய வோடோபாட்டினிப் மூளையை எட்டக்கூடியது என்ற எதிர்பார்ப்போடு தொடக்கநிலை நடுக்குவாத நோயாளிகளிடம் சோதிக்கப்பட்டது. 2024-இல் வந்த முடிவில் போலி மாத்திரையைவிட அது மேலாக இல்லை. இரு நோய்களிலும் ஏபிஎல்லின் பங்கு வேறு. சிஎம்எல் நோயைத் தொடங்கி நடத்துவதே பிசிஆரோடு ஏபிஎல் சேர்ந்த ஒட்டு மரபணு. அதை அடைத்தால் நோய் நிற்கிறது. நடுக்குவாதத்தில் ஏபிஎல் நடுவில் வந்து சேரும் பல கண்ணிகளில் ஒன்று. நோய் வெளியே தெரியும் நேரத்தில் டோபமின் சுரக்கும் நரம்பணுக்களில் பெரும்பகுதி போயிருக்கும்.

சிஎம்எல் நோயில் கேள்வி, மாத்திரையை நிறுத்தலாமா என்பது வரை போயிருக்கிறது. பிரான்சில் 2010-இல் வெளியான ஆய்வொன்றில், இரண்டு ஆண்டுகளுக்கு மேல் நோயின் தடயமே தென்படாத 100 சிஎம்எல் நோயாளிகள் இமாட்டினிப்பை நிறுத்தினார்கள். ஏறத்தாழ நாற்பது விழுக்காட்டினருக்கு ஓராண்டு வரை நோய் திரும்பவில்லை. திரும்பியவர்களுக்கு மீண்டும் மாத்திரை பலித்தது. நடுக்குவாதத்துக்கோ இன்னமும் முதன்மை மருந்து, ஜார்ஜ் கோட்சியாஸ் 1967-இல் அதிக அளவில் கொடுத்துப் பலன் காட்டிய டோபாவின் வழிவந்த லெவோடோபாதான். அது குறைந்த டோபமினை ஈடுகட்டுகிறது. நரம்பணுக்கள் அழிவதைத் தடுப்பதாக நிரூபணமான மருந்து இதுவரை ஒன்றும் இல்லை.