பூசணங்களின் பெயரீடு: சி. வி. சுப்பிரமணியன் பணியை முன்வைத்து

பொருளின் இயல்பறிந்து பெயரிடுதலும் இனம்பிரித்தலும் தமிழ் இலக்கண மரபுக்குப் புதியன அல்ல. புறத்தே வன்மையுடையவற்றைப் புல் எனவும் அகத்தே வன்மையுடையவற்றை மரம் எனவும் தொல்காப்பிய மரபியல் வகுக்கிறது. பூசணங்களுக்கு அறிவியலார் பெயரிட்ட வரலாற்றை நோக்கி, தமிழ்க் கலைச்சொல்லாக்கத்திற்கு அது உணர்த்துவதை இக்கட்டுரை ஆராய்கிறது.

சமையல் மறந்த அடுப்பில் ஆம்பி பூத்ததைப் புறநானூற்று 164ஆம் பாடல் வறுமையின் அடையாளமாகக் காட்டுகிறது. பூசணம் 'பூத்தது' என்பது இன்றும் வழக்கு. தமிழும் மலையாளமும் அருகருகே வழங்கும் திருவனந்தபுரத்துக் கரமனையில் இதனைப் பூசணம் என்போரும் பூப்பல் என்போரும் உளர். கண்ணுக்குப் புலப்படும் தோற்றத்தை மட்டுமே இப்பெயர்கள் சுட்டுகின்றன. நுண்ணோக்கியின் கீழ் அதே பூசணம் எண்ணற்ற இழைகளாகவும் நுண்வித்துகளாகவும் விரிகிறது.

1882 முதல் பூஞ்சைத் தொகுதிகளை வெளியிட்ட இத்தாலியரான சக்கார்தோ, நுண்வித்தின் நிறம், வடிவம், அறைப்பகுப்பு ஆகியவற்றைக் கொண்டு பூசணங்களைப் பிரித்தார். வித்து எவ்வாறு தோன்றுகிறது என்பதே அடிப்படையாக வேண்டும் எனக் கனடாவில் பணிபுரிந்த ஹியூஸ் 1953இல் வலியுறுத்தினார். எர்ணாகுளத்தில் 1924இல் பிறந்து சென்னைப் பல்கலைக்கழகத்தில் பயின்று பணியாற்றிய சி. வி. சுப்பிரமணியன், 1962இல் இவ்வழியில் ஒரு பகுப்புமுறையை வெளியிட்டார். இந்தியப் பூசணங்கள் பற்றிய அவரது பெருநூல் 1971இல் வெளிவந்தது.

அவர் சூட்டிய பேரினப் பெயர்கள் சொல்லாய்வாளர் கருதத்தக்கன. கூர்ச்சலோமா, குடிலகேசா, த்வயபீஜா, வக்ரபீஜா என்பன வடசொல் வேர்களால் அமைந்தவை. குடிலகேசா 'சுருண்ட மயிர்' எனவும், த்வயபீஜா 'இருவித்து' எனவும், வக்ரபீஜா 'வளைந்த வித்து' எனவும் பொருள்படும். கிரேக்க, இலத்தீன வேர்களே பெரிதும் ஆண்ட துறையில் இந்திய வேர்களும் உலகப் பெயராக நிற்க இயலும் என்பதற்கு இவை சான்று.

எனினும் பெயரின் நிலைபேறு பொருட்பொருத்தத்தால் மட்டும் அமைவதன்று. நெல்லின் தண்டழுகல் நோய்க்குரிய பூஞ்சை இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. அதன் உறங்குநிலைத் திரள், வித்துநிலை, பாலினநிலை ஆகியவை தனித்தனியே காணப்பட்டதால் தனித்தனிப் பெயர் பெற்றன. வித்துநிலையைச் சுப்பிரமணியன் 1956இல் வக்ரபீஜாவில் சேர்த்தார். ஆயின் ஜப்பானியரான ஹாரா 1939இலேயே நகாடேயா என்னும் பேரினத்தை அமைத்திருந்தமையின், முந்துரிமை விதிப்படி வக்ரபீஜா இணைப்பெயராயிற்று. 'ஒரு பூஞ்சைக்கு ஒரு பெயர்' என 2011இல் மெல்பர்ன் மாநாடு முடிவு செய்தது. பின்னர், 2013இல் நகாடேயா ஒரைசே என்பது அப்பூஞ்சையின் ஒரே பெயராக முன்வைக்கப்பட்டது.

இதிலிருந்து கலைச்சொல்லாக்கத்திற்கு ஒரு நெறி கிடைக்கிறது. பேரினப் பெயர்களை மொழிபெயர்த்தால் விதி மாறுந்தோறும் தமிழ்ப்பெயரும் மாறவேண்டிவரும். ஆதலின் அவற்றை ஒலிபெயர்த்தலே தகும். பூசணம், ஆம்பி, தண்டழுகல் போன்ற பொதுப்பெயர்களோ அவ்விதிகளுக்கு உட்படாதவை. அவை தமிழிலேயே நிற்றல் வேண்டும். இவ்விரண்டையும் ஒன்றாக்கும் பாடநூல், மாணவர்க்குச் சொல்லையும் தெளிவாகத் தராது, பொருளையும் தெளிவாகத் தராது.

சுப்பிரமணியன் 2016இல் மறைந்தார். வக்ரபீஜா வழக்கொழிந்தாலும், அவரைச் சிறப்பித்து 1985இல் சூட்டப்பட்ட சுப்ரமணியூலா என்னும் பூஞ்சைப் பேரினம் இன்றும் வழக்கிலுள்ளது.