கப்பலை விட்டு இறங்கி, நாலந்தா வழியே

2023 ஜூன் 5ஆம் திகதி சென்னைத் துறைமுகத்திலிருந்து 'எம்பிரஸ்' என்ற உல்லாசக் கப்பல் இலங்கைக்குக் கிளம்பியது. கோர்டேலியா குரூஸ் கம்பனியின் கப்பல். அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று மூன்று இடத்தில் நின்று, திரும்பவும் சென்னை. அதற்குப் பிறகு இரண்டு மாதம்கூட ஆகவில்லை, ஜூலை 28ஆம் திகதி தலைமன்னாரிலிருந்து ஒரு கூட்டம் மாத்தளையை நோக்கி நடக்கத் தொடங்கியது. மலையக மக்கள் இந்த நாட்டுக்கு வந்து 200 வருஷம் ஆனதை நினைவுகூரும் 'மாண்புமிகு மலையக மக்கள்' நடைபயணம் அது. ஓகஸ்ட் 12ஆம் திகதி மாத்தளையில் முடிந்தது.

ஒரே வருஷம், ஒரே கடல். இரண்டு பயணத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கதைப்பது கொஞ்சம் வில்லங்கமான வேலைதான். ஆனாலும் வைத்துப் பார்க்கலாம் என்று எங்களுக்குத் தோன்றியதற்குக் காரணம் நாலந்தா. நாங்கள் சொல்வது பீகாரில் இருக்கிற நாலந்தாவை இல்லை. கண்டி - யாழ்ப்பாணம் ஏ9 வீதியில், மாத்தளைக்கும் தம்புள்ளைக்கும் நடுவில் இருக்கிற நாலந்தா.

முதலில் கப்பல்காரர்களின் பட்டியலைப் பற்றிச் சொல்ல வேண்டும். உல்லாசக் கப்பலில் போகிறவர்களுக்கு, ஒவ்வொரு துறைமுகத்திலும் இறங்கி எங்கே போகலாம் என்று ஒரு பட்டியல் தருவார்கள். கரைச் சுற்றுலா என்று நாங்கள் சொல்லிக்கொள்ளலாம். ஒவ்வொன்றுக்கும் எத்தனை மணித்தியாலம், எவ்வளவு நடக்க வேண்டும், படி ஏற வேண்டுமா, சாப்பாடு உண்டா, விலை என்ன என்று எழுதியிருக்கும். விரும்பியதைத் தெரிவு செய்து காசு கட்டினால், அன்று காலையில் சட்டையில் ஒட்ட ஒரு இலக்கம் தருவார்கள். அந்த இலக்கமுள்ள பஸ்ஸில் ஏற வேண்டியதுதான். வெளியில் ஒரு வாகனம் பிடித்துப் போனால் செலவு குறையலாம். ஆனால் கம்பனியின் பஸ் பிந்தினால் கப்பல் காத்திருக்கும், நீங்களாகப் போய்ப் பிந்தினால் காத்திருக்காது. இந்தப் பயத்திலேயே பாதி டிக்கெட் விற்றுவிடும் என்பது எங்கள் கணிப்பு.

இதில் ஒரு படி மேலே போனவை, கம்பனிகளே கடற்கரையை வைத்துக்கொள்கிற இடங்கள். அமெரிக்கக் கம்பனியான ரோயல் கரீபியன், ஹெயிட்டி நாட்டின் வடக்குக் கரையில் லபாடீ என்ற இடத்தைக் குத்தகைக்கு எடுத்து 1986இல் நடத்தத் தொடங்கியது. மணல், குடில், கம்பியில் தொங்கிப் பறக்கிற விளையாட்டு, எல்லாம் உண்டு. சுற்றி வேலியும் உண்டு. அங்கேயும் பட்டியல் தருவார்கள், ஆனால் எதைத் தெரிவு செய்தாலும் வேலிக்குள்தான். ஆபிரிக்காவிலிருந்து பிடித்து வந்த அடிமைகளைக் கொண்டு பிரெஞ்சுக்காரர்கள் கரும்பு விளைவித்த கரை அது. அந்த அடிமைகள் எழுந்து சண்டை பிடித்து 1804இல் சொந்த நாடு அமைத்தார்கள். உலக வரலாற்றிலேயே பெரிய கதைகளில் ஒன்று. நீச்சல் உடுப்போடு இறங்குகிறவருக்கு அந்தக் கதை தேவைப்படாதபடி இடத்தை அமைத்துவிட்டார்கள். 2010 ஜனவரி 12ஆம் திகதி பூகம்பத்தில் ஹெயிட்டியின் தலைநகரம் இடிந்து விழுந்து மூன்று நாளில் இங்கே கப்பல் வந்து நின்றது. நிவாரணப் பொருளும் கொண்டுவந்தோம் என்றது கம்பனி. அது உண்மைதான். விடுமுறைக்காரர்கள் கடலில் குளித்ததும் உண்மைதான்.

இலங்கையில் அப்படி வேலி இல்லை. திருகோணமலையில் இறங்குகிறவர் சீகிரியா, தம்புள்ளை என்று போகலாம், யாரும் தடுக்கப் போவதில்லை. ஆனால் பட்டியலும் ஒரு மாதிரியான வேலிதான். எட்டு மணித்தியாலத்துக்குள் போய்த் திரும்ப வேண்டும் என்றால் எதைக் காட்டுவது, எதை பஸ் ஜன்னலோடு விட்டுவிடுவது என்று யாரோ ஒருவர் முடிவெடுக்கிறார். நாலந்தா பெரும்பாலும் ஜன்னலோடு போய்விடும். கண்டிப் பக்கம் போகிற தரைவழிச் சுற்றுலா பஸ்கள் சிலது அரை மணித்தியாலம் நிறுத்தும்.

அந்த அரை மணித்தியாலத்தில் காட்டுவது கெடிகே. முழுக்கக் கல்லாலான சின்னக் கட்டடம். எட்டாம் நூற்றாண்டுக்கும் பத்தாம் நூற்றாண்டுக்கும் நடுவில் எழுந்தது என்கிறார்கள். மாமல்லபுரத்தைப் பார்த்தவர் யாரும் ஒரு கணம் திகைத்து நிற்பார். பல்லவர் பாணிச் சிகரம், மண்டபம், கருவறை. ஆனால் பௌத்த வழிபாட்டிடம். அடிவரிசையில் தாந்திரீகச் சிற்பமும் இருக்கு, மேலே குபேரனும் இருக்கிறார். 'இது எங்கட, அது உங்கட' என்று பங்கு பிரிக்க வருகிற எவருக்கும் தலைவலி கொடுக்கிற கட்டடம் என்பதாலேயே எங்களுக்கு அதைப் பிடிக்கும். இன்னொரு விஷயம், அது இப்போது நிற்கிற இடம் அதன் சொந்த இடமில்லை. மகாவலித் திட்டத்து நீர்த்தேக்கத்தில் மூழ்கப் போகிறது என்று 1975இல் கல் கல்லாகப் பிரித்தெடுத்தார்கள். 1980இல் மேட்டில் திரும்ப அடுக்கி முடித்தார்கள். சூளவம்சம் நாலந்தாவைப் பராக்கிரமபாகுவின் படை தங்கிய இடமாகச் சொல்கிறது. ஆக 12ஆம் நூற்றாண்டிலேயே இது வழியில் தங்குகிற இடம்தான்.

கப்பலில் வந்தவர்கள் இந்த வழியைப் பிடித்தது 19ஆம் நூற்றாண்டில். கண்டிக்கு 1867இல் கோச்சி வந்தது, மாத்தளைக்கு 1880இல். கொழும்பில் அலைதடுப்பு கட்டி முடிய, காலியில் நின்ற நீராவிக் கப்பல்கள் எல்லாம் கொழும்புக்கு மாறின. ஆஸ்திரேலியாவுக்கோ சீனாவுக்கோ போகிற கப்பல் நிலக்கரி ஏற்றுகிற நேரத்தில் வெள்ளைக்காரப் பயணிகள் இறங்கி ஊர் பார்ப்பார்கள். அரை நாள் இருந்தால் காலிமுகம், கறுவாத்தோட்டம், களனி. ஒரு முழு நாள் இருந்தால் கோச்சியில் கண்டி. பல நாள் இருப்பவர்களுக்கு மட்டும் அனுராதபுரம். அதற்கு மாத்தளை வரை கோச்சி, பிறகு மாட்டு வண்டியோ குதிரை வண்டியோ பிடித்து வடக்கே போகிற வீதி. நாலந்தாவில் ஓய்வு விடுதி இருந்தது. கொழும்பில் புத்தகக்கடை வைத்திருந்த ஹென்றி கேவ் 1897இல் இலங்கையின் சிதைந்த நகரங்களைப் பற்றிப் படங்களோடு ஒரு அழகான புத்தகம் போட்டார். இன்றைய பட்டியலின் தாத்தா என்று அந்த மாதிரிப் புத்தகங்களைச் சொல்லலாம். எதைப் பார்க்க வேண்டும், எங்கே தங்க வேண்டும் என்பது அப்போதே உறுதியாகிவிட்டது.

இப்போது அதே வீதியின் மறுபக்கம்.

1820களில் கம்பளைப் பக்கம் கோப்பித் தோட்டம் தொடங்கியபோதே தமிழ்நாட்டிலிருந்து ஆள் கொண்டுவருவது ஆரம்பித்தது. 1840களில் கோப்பி பெருக, வருகிறவர்கள் ஆயிரக்கணக்கில் ஆனார்கள். திருச்சி, மதுரை, இராமநாதபுரம், புதுக்கோட்டைப் பக்கத்து ஆட்கள். இராமேஸ்வரத்திலோ தொண்டியிலோ தோணி ஏறி மன்னார்க் கரையில் இறங்கினால், அங்கிருந்து காடு. மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை, நாலந்தா, மாத்தளை. இருநூறு கிலோமீட்டருக்கும் மேல், முழுக்கக் கால்நடை. குடிக்கத் தண்ணீர் இல்லை, வாந்திபேதி, மலேரியா. நடக்க முடியாதவரைக் கூட்டம் விட்டுவிட்டுப் போகும். 1840களில் மட்டும் எழுபதாயிரம் பேர் செத்ததாக அந்தக் காலத்துக் கொழும்புப் பத்திரிகை ஒன்று கணக்குச் சொன்னது. கணக்கு கூடிப்போச்சு என்று சொன்னவர்களும் உண்டு. டொனோவன் மொல்ட்ரிச் 1989இல் கோப்பித் தொழிலாளர்களைப் பற்றி எழுதிய 'பிட்டர் பெரி பொண்டேஜ்' என்ற புத்தகம் இந்தச் சாவுகளைத் தேடிப் பார்க்கிறது. எழுபதாயிரமா, அதில் பாதியா என்ற வாதத்தைவிட எங்களை உறுத்துவது, எண்ணி வைக்க வேண்டும் என்று அப்போது யாருக்கும் தோன்றவில்லை என்பதுதான். கோப்பி மூட்டைக்கு மட்டும் சரியான கணக்கு இருக்கு.

இரண்டு கூட்டத்தையும் வரலாற்றுப் பாடத்தில் வேறு வேறு அத்தியாயத்தில் படிக்கிறோம். ஆனால் மாத்தளைக்குக் கோச்சி வந்த 1880க்கும், இந்த வடக்குப் பாதை வழியாகத் தொழிலாளரைக் கொண்டுவருவது நிறுத்தப்பட்ட 1890களின் கடைசிக்கும் நடுவில் கிட்டத்தட்ட இருபது வருஷம் இருக்கு. அந்த இருபது வருஷமும் இரண்டு கூட்டமும் ஒரே வீதியில்தான் போய்வந்தன. ஒன்று கெடிகேயும் தூபியும் பார்க்க வடக்கே, மற்றது கோப்பிக்கும் பிறகு தேயிலைக்கும் தெற்கே. நாலந்தாவில் எதிரும் புதிருமாகக் கடந்திருப்பார்கள், கடக்காமல் இருக்க வேறு வீதி இல்லை. தோணியில் வந்தவர்களும் கடல் கடந்து வந்தவர்கள்தான், ஆனால் அவர்கள் இறங்கியதைக் 'கரைச் சுற்றுலா' என்று யாரும் சொல்ல மாட்டார்கள். எந்தத் தோட்டம் என்று தெரிவு செய்தது கங்காணி. ஊரில் கொடுத்த முன்பணம் கடனாகி, அந்தக் கடன்தான் வழிகாட்டி.

பாதை மூடப்பட்ட பிறகு தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்கு நீராவிக் கப்பல், இறங்கியதும் ராகமை முகாம். அந்தக் கட்டத்தில், 1900களின் தொடக்கத்தில் வந்ததுதான் தகரத்துண்டு முறை. ஆளுக்கொரு சின்னத் தகர வில்லை. அதில் மாவட்டத்துக்கு ஒரு எழுத்து, தோட்டத்துக்கு ஒரு இலக்கம். கழுத்தில் மாட்டிவிட்டால் ஆள் வழி தவறாமல் உரிய தோட்டத்துக்குப் போய்ச் சேர்வார், பயணச் செலவு தோட்டத்தின் கணக்கில் ஏறும். நிர்வாகத்துக்கு நல்ல வசதி. உல்லாசக் கப்பல் பயணியின் சட்டை இலக்கத்தைப் பற்றி வாசிக்கும்போது எங்களில் ஒருவருக்கு உடனே நினைவு வந்தது இதுதான். இரண்டும் ஒன்றில்லை, நன்றாகத் தெரியும். ஒன்று பின்னேரம் கழற்றி எறிகிற காகிதம்.

'தெரிவு' என்ற சொல் மலையக மக்களின் வாழ்க்கைக்குள் அதிகாரபூர்வமாக வந்த சந்தர்ப்பம் ஒன்று உண்டு. 1948 குடியுரிமைச் சட்டத்தில் நாடற்றவர்களாக ஆக்கப்பட்டவர்கள் 975,000 பேர் என்று வைத்து, 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் ஒப்பந்தம் செய்தார்கள். 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, மீதி 150,000 பேரைப் பற்றிப் பிறகு பார்ப்போம். அதற்குப் பிறகுதான் ஆட்களிடம் விண்ணப்பப் படிவம் கொடுத்து, எந்த நாடு வேணும் என்று கேட்டார்கள். இலங்கைதான் வேணும் என்று ஆறு இலட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் எழுதிக் கொடுத்தார்கள். இடம் இருந்தது மூன்று இலட்சம் பேருக்கு. பட்டியலை முதலில் முடித்துவிட்டு விருப்பத்தைப் பிறகு கேட்டால் இப்படித்தான் ஆகும். மலைநாட்டிலிருந்து கோச்சியில் தலைமன்னார் போய், அங்கே இராமேஸ்வரத்துக்குக் கப்பல் ஏறியவர்கள் பலர், தாத்தாவும் பாட்டியும் இறங்கிய அதே மன்னார்க் கரையிலிருந்து போனார்கள்.

தங்கியவர்களுக்கு மாத்தளை முத்துமாரியம்மன் இருக்கிறாள். காட்டைத் தாண்டி உயிரோடு வந்து சேர்ந்தவர்கள் வைத்துக் கும்பிட்ட தெய்வம் என்றுதான் எங்கள் வீடுகளில் சொல்வார்கள். 1983 ஜூலையில் கோயிலும் எரிந்தது, பிறகு திரும்ப எழும்பியது. வேடிக்கை என்னவென்றால், தம்புள்ளையிலிருந்து கண்டிக்குப் போகிற சுற்றுலா பஸ்கள் இந்தக் கோயிலில் தவறாமல் நிற்கும். 108 அடிக் கோபுரம், நிறம் நிறமாய்ச் சிலைகள், படம் எடுக்க நல்ல இடம், பக்கத்தில் வாசனைத் திரவியத் தோட்டம். ஆக நடைபாதையின் முடிவு பட்டியலில் இருக்கு, நடைபாதை இல்லை. கோபுரத்தைப் பார்க்கிற வெளிநாட்டுக்காரர் 'இந்த ஊரில் எப்படி இவ்வளவு பெரிய தமிழ்க் கோயில்?' என்று கேட்டால், பதில் அவர் இப்போதுதான் ஏசி பஸ்ஸில் தாண்டி வந்த வீதியில் கிடக்கிறது.

2023இல் நடந்தவர்கள் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்குப் பதினாறு நாள் எடுத்தார்கள். காணி, வீடு, சம்பளம், மொழி உரிமை, சமமான குடியுரிமை என்று கோரிக்கைகளையும் கொண்டு வந்தார்கள். தம்புள்ளையிலிருந்து மாத்தளை வரையான கடைசி 46 கிலோமீட்டர், பஸ்ஸில் ஒன்றரை மணித்தியாலம்கூட இல்லை.

கப்பல்காரர்களின் மொழியில் இந்தப் பாதைக்கு ஒரு பட்டியல் குறிப்பு எழுத நாங்களும் முயன்று பார்த்தோம். நேரம் என்ற இடத்தில் பதினாறு நாள் என்று போட்டதும் அது பட்டியலில் நிற்காது என்று தெரிந்துபோனது. துறைமுகத்தில் கப்பல் ஒரு பகல்தான் நிற்கும். அதனால் கப்பல் இல்லாதவர்களுக்காக இதை எழுதுகிறோம். மாத்தளையில் தம்புள்ளை பஸ் ஏறி, சுமார் 25 கிலோமீட்டரில் நாலந்தாவில் இறங்கலாம். வீதியிலிருந்து ஒரு கிலோமீட்டர் அளவு உள்ளே நடந்தால் கெடிகே. பார்த்துவிட்டுத் திரும்ப ஏ9க்கு வந்து, மாத்தளைப் பக்கம் கொஞ்சத் தூரம் பஸ் பிடிக்காமல் நடந்து பாருங்கள். வெயில் ஏறுவதற்கு முதல் போங்கள், தண்ணீர் கொண்டுபோங்கள்.