சாம்பலும் சவுக்காரமும்



அண்மையில் ஒரு சனிக்கிழமை, பெற்றோர்களுக்கான பட்டறை ஒன்றில் கலந்துகொண்டேன். சிறிய சமையலறையை இயற்கைப் பொருள்களைக் கொண்டே துப்புரவாக வைத்துக்கொள்வது எப்படி என்பதுதான் தலைப்பு. காடி, சமையல் சோடா, எலுமிச்சைத் தோல், புளி ஆகியவற்றை மேசையில் அடுக்கி வைத்திருந்தனர். பயனுள்ள நிகழ்ச்சிதான். ஆனால், பேசியவர் நடுவே ஒரு வாக்கியம் சொன்னார். நம் பாட்டிமார்கள் இயற்கையோடு இணைந்து வாழ்ந்தவர்கள், சாம்பலைக் கொண்டே எல்லாவற்றையும் துலக்கினார்கள், நாம்தாம் இரசாயனத்திற்கு மாறிக் கெட்டுப் போனோம் என்றார். கூடியிருந்த தாய்மார்கள் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். தட்டிய பிறகுதான் என் அப்பாயியின் முகம் நினைவுக்கு வந்தது. அவர் அங்கிருந்திருந்தால் கை தட்டியிருக்க மாட்டார்.

என் அப்பாயி பேராக் மாநிலத்து இரப்பர் தோட்டம் ஒன்றில் 1925ஆம் ஆண்டு பிறந்தவர். பதினான்கு வயதில் பால்வெட்டு மரத்திற்குப் போனவர். தோட்டத்து லயத்தில் அவருடைய அடுப்படி, வீட்டின் பின்புறம் தகரக் கூரை இறக்கிய ஒரு சிறிய இடம். இரண்டு பேர் நின்றால் மூன்றாமவருக்கு இடமிராது. மண்ணடுப்பு, விறகு அடுக்கு, நீர் நிறைந்த தொட்டி, சுவரோரம் கவிழ்த்து வைத்த பாத்திரங்கள், அவ்வளவுதான். பள்ளி விடுமுறைகளில் அங்குச் சென்று தங்கிய நாள்களில் நான் கண்ட துப்புரவு முறையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

சோறு வடிக்கும் பானையை அடுப்பில் ஏற்றும் முன்பே அதன் வெளிப்புறத்தில் நீரில் குழைத்த சாம்பலைப் பூசிவிடுவார். சமைத்து முடித்த பின் தண்ணீர் ஊற்றித் தேய்த்தால் கரியெல்லாம் அந்தப் பூச்சோடு கழன்று வந்துவிடும். துலக்குவதற்கு முன்பே துலக்கலைத் தொடங்கிவிடும் இந்தத் தந்திரத்தை நான் எந்தப் பட்டறையிலும் கேட்டதில்லை. எண்ணெய்ப் பிசுக்குப் பாத்திரங்களுக்குச் சலித்த சாம்பலும் தேங்காய் நாரும். பித்தளைக் குடத்திற்கும் செம்புக்கும் சாம்பலை முதலில் தொட மாட்டார். இரசத்திற்குக் கரைத்து மிஞ்சிய புளிச் சக்கையில் உப்பு சேர்த்துத் தேய்ப்பார். பச்சைக் களிம்பு மறைந்து பொன்னிறம் தெரிந்ததும் நன்றாகக் கழுவி, அதன் பிறகே சாம்பல் கொண்டு ஒரு மெருகு. அடுத்த வீட்டு மலாய்க்கார மூதாட்டி இதே வேலைக்குப் பிலிம்பிக்காயை நறுக்கித் தேய்ப்பார். மலாய்க்காரர்கள் கிரிஸ் என்னும் குத்துவாளின் துருவை நீக்கவும் அந்தக் காயைத்தான் பயன்படுத்தி வந்தனர். புளியில் டார்டாரிக் அமிலம், பிலிம்பிக்காயில் ஆக்சாலிக் அமிலம். பெயர் தெரியாமலே இரண்டு அடுப்படிகளும் ஒரே வேதியியலைக் கையாண்டிருக்கின்றன.

பள்ளி அறிவியலில் நாம் லிட்மஸ் தாளை நனைத்துக் காட்டுகிறோமே, அதே பாடம்தான் இது. பிசுக்குக்குக் காரம், களிம்புக்கு அமிலம். அப்பாயி அவ்விரண்டையும் ஒருபோதும் ஒரே கிண்ணத்தில் கலந்ததில்லை.

சாம்பலின் ஆற்றல் எங்கிருந்து வருகிறது? மரம் எரிந்தபின் எஞ்சும் சாம்பலில் பொட்டாசியம் கார்பனேட்டு இருக்கிறது. தேங்காய் மட்டை, வாழைத்தண்டு ஆகியவற்றின் சாம்பலில் பொட்டாசியம் மிகுதி. அந்தச் சாம்பலைத் தண்ணீரில் ஊறவைத்து வடித்தால் காரநீர் கிடைக்கும். ஐரோப்பியர்கள் இதனைப் பானையில் காய்ச்சி எடுத்ததால் 'பொட்டாஷ்' என்று பெயரிட்டனர். அதன் பொருள் பானைச் சாம்பல் என்பதே. 1807ஆம் ஆண்டு ஹம்ப்ரி டேவி அந்தப் பொருளில் மின்சாரத்தைச் செலுத்தி ஒரு புதிய உலோகத்தைப் பிரித்தெடுத்தபோது, அதற்குப் பொட்டாசியம் என்று பெயர் வைத்தார். தனிம அட்டவணையில் மாணவர்கள் மனனம் செய்யும் அந்தப் பெயருக்குள் ஒரு சமையலறையின் சாம்பல் ஒளிந்திருக்கிறது.

தமிழர்க்கும் இதில் நெடிய பட்டறிவு உண்டு. புறநானூற்றின் 311ஆம் பாடலில், களர்நிலத்தில் தோண்டிய கிணற்றில் நாள்தோறும் துணி வெளுக்கும் பெண்ணை ஔவையார் காட்டுகிறார். ஏன் களர்நிலம்? இன்றைய வேளாண் நூல்களில் களர் என்றால் காரத்தன்மை மிகுந்த மண். அழுக்கை நீக்கும் நீர் எந்த மண்ணில் ஊறும் என்பதை அந்தப் பெண் அறிந்திருக்கிறாள். 'சவர்க்காரம்' என்னும் சொல்லையே பாருங்கள். சவர் என்றால் உவர். காரம் என்றால் காரமேதான். நாம் பேச்சில் சவுக்காரம் என்கிறோம். மலாய்க்காரர்கள் 'சாபுன்' என்கிறார்கள். அது அரபு வழியாக வந்த சொல்.

இவ்வளவையும் 2001ஆம் ஆண்டு, ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் 'மரபுவழி அறிவு' என்ற இடுபணிக்காக நான் திரட்டத் தொடங்கினேன். பெரிய அட்டையில் படம் வரைந்து, சாம்பல், புளி, சீயக்காய் என்று பட்டியலிட்டு, விடுமுறையில் அப்பாயியிடம் காட்டினேன். அவருக்கு அப்போது எழுபத்தாறு வயது. மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு அட்டையைப் பார்த்தார்.

"ஏன் கண்ணு, கவருமெண்டு செலவுல படிக்கப் போயி, சாம்பலப் பத்தியா எழுதச் சொல்றாங்க?"

பெருமையான செய்திதானே அப்பாயி என்றேன்.

"ஏனத்துக்குச் சாம்பல் சரி. துணிக்கும் மேலுக்கும் சாம்பல் போட்ட காலம் ஒண்ணு இருந்துச்சு. அத எழுதாத."

சிறிது நேரம் கழித்து அவரே சொல்லத் தொடங்கினார். எழுதாதே என்றவரே இரவு நெடுநேரம் வரை சொன்னார்.

1941 டிசம்பர் 8ஆம் நாள் ஜப்பானியர்கள் கோத்தாபாருவில் தரையிறங்கினர். 1942 பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் வீழ்ந்தது. கப்பல் போக்குவரத்து நின்றது. இரப்பருக்குச் சந்தை இல்லை. அரிசி அருகி மரவள்ளிக்கிழங்கே உணவானது. இவையெல்லாம் வரலாற்றுப் பாடநூலில் உண்டு. பாடநூலில் இல்லாத ஒன்று, கடைகளிலிருந்து சவுக்காரம் மறைந்ததும் தோட்டத்துப் பெண்கள் என்ன செய்தார்கள் என்பது.

எண்ணெய்க்குப் பஞ்சமில்லை. 1917ஆம் ஆண்டு சிலாங்கூரின் தென்னமாரம் தோட்டத்தில் வணிக முறையில் தொடங்கிய செம்பனைப் பயிர், போர் வருவதற்குள் பல தோட்டங்களுக்குப் பரவியிருந்தது. ஏற்றுமதி நின்றுவிட்டதால் சிவந்த செம்பனை எண்ணெய் உள்நாட்டிலேயே தேங்கியது. விளக்கெரிக்கவும் சமைக்கவும் அதுவே, சவுக்காரம் காய்ச்சவும் அதுவே. அப்பாயியின் தாயார் தேங்காய் மட்டையும் வாழைத்தண்டும் எரித்த சாம்பலைத் துணியில் கட்டிச் சொட்டுச் சொட்டாகக் காரநீர் இறக்குவாராம். அதில் வெற்றிலைச் சுண்ணாம்பைக் கலந்து தெளியவிட்டு, எண்ணெயோடு சேர்த்து மணிக்கணக்கில் கிண்டுவாராம். சுண்ணாம்பு ஏன் தேவைப்பட்டது என்பது எனக்குப் பின்னால்தான் விளங்கியது. சாம்பல் நீரிலுள்ள கார்பனேட்டு மெல்லிய காரம். சுண்ணாம்பு அதனோடு வினைபுரிந்து பொட்டாசியம் ஹைட்ராக்சைடு என்னும் கடுங்காரமாக மாற்றுகிறது. எண்ணெயைச் சவுக்காரமாக்கும் வலிமை அதற்குத்தான் உண்டு. பொட்டாசியத்தால் ஆனது கட்டியாகாது, களிபோல் இருக்கும். உப்புச் சேர்த்தால் ஓரளவு இறுகும். உப்பும் கிடைத்தற்கரிய காலம் அது.

தேங்காய் ஓட்டில் அள்ளி வைத்த அந்தக் களியைக் கொண்டுதான் துணி துவைத்தார்கள், குழந்தைகளைக் குளிப்பாட்டினார்கள். சவுக்காரமாக மாறாமல் எஞ்சிய காரம் தோலை அரித்தது. காரநீரை விரலால் தொட்டால் வழுவழுவென்று இருக்கும். அது நம் தோலின் கொழுப்பே சவுக்காரமாக மாறுவதால் வரும் வழுவழுப்பு. அப்பாயியின் விரலிடுக்குகள் வெடித்தன. வெடித்த விரல்களோடுதான் கிழங்கு தோண்டினார். அவருடைய அண்ணன் சயாம் இரயில் பாதை வேலைக்குக் கொண்டு செல்லப்பட்டார். திரும்பவில்லை. அண்ணன் புறப்பட்ட நாளில் அவருடைய ஒரே சட்டையை அந்தக் களியில்தான் துவைத்துக் கொடுத்ததாகச் சொன்னார். எண்ணெய் நாற்றம் போகவில்லையாம். அறுபது ஆண்டுகள் கழித்தும் அந்த நாற்றத்திற்காகவே அவர் வருந்தினார்.

போர் முடிந்து ஆங்கிலேயர் திரும்பினர். 1947ஆம் ஆண்டு லீவர் பிரதர்ஸ் நிறுவனம் மலாயாவில் அமைக்கப்பட்டது. மஞ்சள் நிற நீளக்கட்டிச் சவுக்காரம் தோட்டத்துக் கடைக்கும் வந்து சேர்ந்தது. கடைக்காரர் அதைத் துண்டு துண்டாக அறுத்து விற்பார். முதல் துண்டை வாங்கிய அன்று, அதை நனைக்க மனமின்றி இரண்டு நாள் முகர்ந்து பார்த்துக்கொண்டே இருந்ததாக அப்பாயி கூறினார்.

நாம் இயற்கை என்று கொண்டாடுவதில் ஒரு பகுதி, அவருக்கு இல்லாமையின் பெயர். அந்த இடுபணியில் நான் ஜப்பானியர் காலத்தை எழுதவில்லை. அவர் சொற்படி விட்டுவிட்டேன். நல்ல மதிப்பெண்ணும் கிடைத்தது. அது அரைகுறைப் படைப்பு என்பது எனக்கு மட்டுமே தெரியும்.

அந்த அரைகுறை அறிவு என் வீட்டிலேயே ஒருநாள் வெளிப்பட்டது. 2020 மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கிய சில வாரங்களில், என் அடுக்குமாடி வீட்டின் சிறிய சமையலறையில், கழுவுதொட்டியின் கறையைப் போக்கக் காடியை ஊற்றி ஊறவைத்திருந்தேன். இயற்கைப் பொருள்தானே என்ற நினைப்பு. கிருமியும் சாகட்டும் என்று அதன் மேலேயே கடையில் வாங்கிய வெளுப்பு நீரையும் ஊற்றினேன். மூக்கும் கண்ணும் எரிந்தன. இருமல் நிற்கவில்லை. மகனை இழுத்துக்கொண்டு வெளி வராந்தாவுக்கு ஓடினேன். வெளுப்பு நீரிலுள்ள ஹைப்போகுளோரைட்டுடன் அமிலம் சேர்ந்தால் குளோரின் வாயு வெளிப்படும். 1915 ஏப்ரல் 22ஆம் நாள் பெல்ஜியத்தின் ஈப்பர் போர்முனையில் படைவீரர்களைக் கொன்ற அதே வாயு. அறிவியல் கற்பிக்கும் ஆசிரியை நான்! அப்பாயி புளியையும் சாம்பலையும் தனித்தனியே வைத்திருந்ததை ஒரு கணம் எண்ணியிருந்தால் போதும்.

பட்டறையில் காட்டிய காடி, சமையல் சோடாக் கலவைக்கும் இது பொருந்தும். அதில் ஆபத்து இல்லை. நுரை பொங்குவதைக் கண்டு பிள்ளைகளும் மகிழ்வார்கள். ஆனால், அமிலமும் காரமும் ஒன்றையொன்று தீர்த்துக்கொண்டபின் மிஞ்சுவது பெரும்பாலும் உப்புக் கலந்த தண்ணீர்தான். தனித்தனியே பயன்படுத்தினால் இரண்டும் நல்ல வேலைக்காரர்கள். என் வீட்டில் மூன்று பங்கு சமையல் சோடாவை ஒரு பங்கு தண்ணீரில் குழைத்து அடுப்பு மேடைப் பிசுக்கில் தடவி, கால்மணி நேரம் விட்டுத் துடைக்கிறேன். காடியில் சம அளவு தண்ணீர் கலந்து, குழாயிலும் கெண்டியிலும் படியும் வெண்கறைக்கு. பளிங்குக்கல் பதித்த மேடையில் மட்டும் காடியோ எலுமிச்சையோ படக்கூடாது, கல்லையே அரித்துவிடும். பித்தளை விளக்குக்கு இன்றும் புளிச் சக்கைதான்.

2000ஆம் ஆண்டுகளில் நம் நாட்டு வீடுகளில் பரவிய பழத்தோல் நொதிநீரையும் பலர் கேட்கிறீர்கள். ஒரு பங்கு வெல்லம், மூன்று பங்கு தோல், பத்துப் பங்கு தண்ணீர், மூன்று மாதம். செய்யலாம். முதல் மாதத்தில் வாயு உருவாகும், நாள்தோறும் மூடியைத் தளர்த்திவிடுங்கள். கண்ணாடிப் புட்டி வேண்டாம். அதுவும் புளித்த நீர்தான், ஆகவே அமிலம். வெளுப்பு நீரின் பக்கத்தில் அதை வைக்காதீர்கள். எதையும் பழைய குளிர்பானப் புட்டியில் ஊற்றி வைக்காதீர்கள், பிள்ளைகள் குடித்துவிடுவார்கள். பழைய எண்ணெயில் சவுக்காரம் செய்யும் நடவடிக்கையை மாணவர்களுடன் நடத்தும் ஆசிரியர்கள், காரக் கரைசலைக் கண்ணாடியும் கையுறையும் அணிந்து தாங்களே கலக்க வேண்டுகிறேன். தண்ணீரில்தான் காரத்தைப் போட வேண்டும், காரத்தில் தண்ணீரை ஊற்றக்கூடாது.

அப்பாயி 2006ஆம் ஆண்டு காலமானார். காரியமெல்லாம் முடிந்தபின் அத்தையும் நானும் அவருடைய தகரப் பெட்டியைத் திறந்தோம். நான்கு சேலைகள், பழைய சிவப்பு அடையாள அட்டை, அவற்றின் அடியில் செய்தித்தாளில் சுற்றிய பதினொரு சவுக்காரக் கட்டிகள். சில பல ஆண்டுகளுக்கு முன் வாங்கியவை, காய்ந்து வெடித்திருந்தன. "ஒவ்வொரு சம்பளத்துக்கும் ஒண்ணு எடுத்து வச்சிருவாங்க, ஏன்னு கேட்டா சிரிப்பாங்க" என்றார் அத்தை. அவற்றில் ஒன்று என்னிடம் இருக்கிறது.